சமதரையில் நின்ற மலை வண்டி

மலையூர் ஒன்றில் ஓய்வு கொடுத்த தீயணைப்பு வண்டியைத் திருகோணமலைக்கு அனுப்பியபோது, அதன் சாரதியும் கூடவே வந்தார். ஒல்லியான மனிதர், இந்த வெயிலிலும் கம்பளிச் சட்டையைக் கழற்றமாட்டார். வண்டியை எங்கே நிறுத்தினாலும் சில்லுக்கு முன்னால் உருளாமல் ஒரு கல் வைப்பார். எனக்கு வாகனப் பைத்தியம். வகுப்பு முடிந்ததும் தீயணைப்பு நிலையத்தில்தான் நிற்பேன்.

“இது சமதரைதானே அண்ணை, ஏன் கல்லு?”

“பழக்கம் தம்பி. பேட்டரி செத்து ரொம்ப நாளாச்சு. அங்க சரிவுல நிப்பாட்டுவோம். கல்லை எடுத்தா உருண்டு ஸ்டார்ட் ஆயிரும்.”

“இஞ்ச?”

“ஆபீஸ்ல மேடான எடம் கேட்டேன். இது வண்டியா ஆடா, மேட்டில ஏத்தன்னு சிரிச்சாங்க.”

ஒரு மத்தியானம் சல்லிக் கிராமத்தில் தென்னோலைக் கிடுகு வேய்ந்த வீடுகள் தீப்பற்றின. நாங்கள் எல்லாரும் சேர்ந்து தள்ளியும் வண்டி கிளம்ப நெடுநேரமானது. போய்ச் சேர்ந்தபோது ஒரு வரிசை வீடுகள் எரிந்து முடிந்திருந்தன. ஒருவரும் ஏசவில்லை. ஒரு அம்மா மட்டும், “தண்ணி கொண்டு வந்தனீங்களோ?” என்று கேட்டார்.

“நெறைய இருக்கும்மா.”

அவர்கள் நீட்டிய கரிபிடித்த பானைகளைச் சாரதி ஒவ்வொன்றாக நிரப்பினார். வண்டியின் தண்ணீர்த் தாங்கி வற்றும்வரை நானும் பானை பிடித்தேன். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. அப்போது என்ன நினைத்தார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.