பழைய பல்வட்டமும் புதுச் செயினும்

கையில் எடுத்துவிட்ட பொருளை நான் ஏன் திரும்பவும் மேசையில் வைத்தேன்? நாலு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் மகளுக்கு மூன்று வயது. ஒன்றரை வயதிலிருந்து அவளுக்கு முட்டு வருத்தம், மூச்சிழுப்பு. நெஞ்சுக்குள் மெல்லிய விசில்போலத் தொடங்கும். அரை மணித்தியாலத்தில் விலா எலும்புகளுக்கு இடையே தோல் குழிந்து குழிந்து எழும். யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டால்தான் மூச்சு இறங்கும். உரும்பிராயிலிருந்து சைக்கிளில் கொண்டுபோனால் முக்கால் மணித்தியாலம். என் கணவரின் மோட்டார் சைக்கிளில் கால் மணித்தியாலம். அவருடைய சித்தப்பா விட்டுப்போன இங்கிலீஷ் வண்டி அது. எங்கள் இருவரையும்விட வயது கூடியது. நாலு துளி பெற்றோல் விட்டு உதைத்துக் கிளப்பினால், பிறகு மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது அதன் செயின் அறுந்தது. கணவர் பின் சில்லைக் கழற்றி, அதில் செயின் ஓடும் பல்வட்டத்தை எனக்குக் காட்டினார். பற்களெல்லாம் தேய்ந்து, ஒரு பக்கமாகக் கொக்கிபோல வளைந்திருந்தன. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக் கடைகளில் இதற்கு உதிரிப்பாகம் கிடையாது. சாவகச்சேரியில் ஒரு பழைய இரும்புக் கடையில் இதேபோன்ற வண்டி ஒன்றைப் பிரித்துப் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டோம்.

யார் போவது? பிள்ளைக்குத் திரும்பவும் முட்டு வந்தால் தூக்கிக்கொண்டு ஓடக்கூடியவர் வீட்டில் நிற்க வேண்டும். எனவே நான் போனேன்.

“இஞ்சேரும், செயினை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திடாதையும்” என்றார் அவர், பல்வட்டத்தைச் சாக்கில் சுற்றி என் சைக்கிள் கரியரில் கட்டியபடி. “முன் பல்வட்டம், பின் பல்வட்டம், செயின், மூண்டும் ஒண்டாய் ஓடினதாய் இருக்கவேணும். தேஞ்ச பல்லிலை புதுச் செயின் நிக்காது. இல்லாட்டி வெறுங்கையோடை வாரும்.”

“ஓம்” என்றேன். கோப்பாய் தாண்டி வெளிக்கு வந்ததும் எதிர்க்காற்று. மூண்டும் ஒண்டாய், மூண்டும் ஒண்டாய் என்று சொல்லிச் சொல்லியே மிதித்தேன்.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “வீட்டிலை ஆம்பிளையள் இல்லையோ, பிள்ளை?”

“இருக்கிறார் ஐயா. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுறதுக்கு நிக்கிறார்.”

கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த ஒருவர் சாக்கை அவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “உந்த வண்டிக்குச் சாமான் தேடுறதிலும் பார்க்க ஒரு மாட்டை வாங்கிக் கட்டலாம், தங்கச்சி. மண்ணெண்ணெயும் கேளாது.”

“மாடு கால் மணித்தியாலத்திலை ஆஸ்பத்திரிக்குப் போகுமோ, அண்ணை?” என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தள்ளி இருந்தார்.

கடைக்காரர் இரண்டை மேசையில் வைத்தார். ஒன்று, பிரித்த வண்டியின் செயினும் அதன் இரண்டு பல்வட்டங்களும் சேர்ந்த செற். பற்கள் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் வளையவில்லை. மற்றது தடைக்கு முன்னர் வந்த ஒரு புதுச் செயின், கிறீஸ் தாளில் சுற்றியபடி. அளவு பொருந்தும், ஆனால் அதற்குப் பல்வட்டங்கள் இல்லை. விலையிலும் பெரிய வித்தியாசமில்லை.

பழைய செயினைப் பக்கவாட்டாகப் பிடித்துப் பார்த்தேன். கணவர் சொல்லித் தந்த சோதனை அது. தேயாத செயின் விறைப்பாக நிற்கும். இது வாடின வாழையிலைபோலத் தொங்கியது. ஆனாலும் மூன்றையும் கையில் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் பயம் வந்தது. இதுவும் அறுந்தால்? புதுச் செயின் பளபளத்தது. மூன்றையும் திரும்ப மேசையில் வைத்தேன்.

“அந்தப் பழைய செற்றைக் கேட்டு வேறை ஒருத்தர் மத்தியானம் வாறன் எண்டவர்” என்றார் கடைக்காரர். “கெதியிலை முடிவெடுங்கோ.”

நான் படித்தவள். இருந்தும் சந்தைக்குப் பக்கத்துப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்ப் பூ வைத்துக் கேட்டேன். கலியாணப் பேச்சுக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் எங்கள் சனங்கள் கேட்பதுபோல. சிவப்புப் பூவை ஒரு வாழையிலைத் துண்டில் மடித்தேன், அது பழைய செற். வெள்ளைப் பூவை இன்னொன்றில், அது புதுச் செயின். இரண்டையும் பிள்ளையாரின் முன் போட்டுக் கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன். சிவப்பு.

அவர் சொன்னதும் அதுதான், பிள்ளையார் சொன்னதும் அதுதான். நேரே கடைக்குப் போயிருக்க வேண்டும். வாசலில் செருப்பைப் போடும்போது ஒரு யோசனை வந்தது: சிவப்பை நான் சின்னதாக மடித்தேன், என் விரலுக்கு அது தெரிந்திருக்கும். திரும்பிப் போய் இரண்டையும் ஒரே அளவாக மடித்து மறுபடியும் கேட்டேன். ஒருமுறைக்கு மேல் கேட்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல.

வெள்ளை.

கடைக்குப் போனபோது அந்த மற்ற ஆள் வந்து நின்றார். பழைய செற்றைக் கையால் தொடாமல், “பிள்ளை எடுக்கிறதெண்டால் எடுக்கட்டும். நான் பிறகு பாக்கிறன்” என்றார். அந்த நல்ல மனிதர் கொஞ்சம் சண்டை பிடித்திருந்தால் நானும் பிடித்திருப்பேன். “இல்லை ஐயா, நீங்கள் எடுங்கோ” என்று என் வாய் சொன்னது. புதுச் செயினோடு வந்தேன்.

கணவர் அதைப் பார்த்தார். சாக்கிலிருந்த வளைந்த பற்களையும் பார்த்தார். பழைய பற்களிலேயே புதுச் செயினை மாட்டினார். பூக் கேட்டதை அழுதழுது சொன்னபோது, “கேட்டது பிழையில்லை. ரெண்டாந்தரம் கேட்டனீரே, அதுதான் பிழை” என்றார்.

வண்டி மூன்று கிழமை ஓடியது. பிறகு ஒரு விடியலில் பிள்ளைக்கு முட்டு. கோண்டாவிலில் செயின் பற்களின் மேல் ஏறிப் பாய்ந்து கழன்றது. அவர் மாட்டினார். இருநூறு யார் தூரம் தள்ளி மறுபடியும் கழன்றது. பிள்ளையின் உதடு நீலம். வண்டியை வேலியோடு சாத்திவிட்டு அவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். வழியில் சைக்கிளில் வந்த ஒருவர் அவர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு போனார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஊசி போட்டிருந்தார்கள். டொக்டர் என்னை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: “ஏன் இவ்வளவு சுணக்கம்?”

செயினால் என்று எப்படிச் சொல்வேன்?

இப்போது பனிக் காலம் வருகிறது. அவளுக்கு முட்டு கூடும் காலம். சாவகச்சேரிக்கு மறுபடியும் போய்ப் பார்த்தேன். அந்த மற்ற ஆள் செற்றைக் கொண்டுபோய்விட்டார், எந்த ஊர் என்று கடைக்காரருக்கும் தெரியாது. ஒரு மெக்கானிக், பின் பல்வட்டத்தை மறுபக்கம் திருப்பிப் பூட்டினால் தேயாத முகம் இழுக்கும் என்கிறார். ஆனால் முன்னதைத் திருப்ப முடியாதாம். இன்னொருவர், பற்களுக்கு வெல்டிங்கில் இரும்பு ஒட்டு வைத்து அரத்தால் ராவித் தரலாம் என்கிறார். முதலாமவரோ ஒட்டு வைத்த பல் பாரத்தில் உடையும் என்கிறார். கணவர் முடிவை என்னிடமே விட்டிருக்கிறார். அது தண்டனையா, நம்பிக்கையா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

இதை வாசிக்கிறவர்களில் இப்படியான பழைய வண்டியை ஓட்டினவர்கள் இருப்பீர்கள். திருப்பிப் பூட்டுவதா, ஒட்டு வைப்பதா? திருப்பினால் முன் பல்வட்டத்தை என்ன செய்வது? உங்கள் வண்டியில் செய்து பார்த்ததை, எத்தனை நாள் தாங்கியது என்பதோடு, பனி இறங்க முன்னர் எழுதுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: தெரியாவிட்டால் தெரியாது என்று விட்டுவிடுங்கள். உங்கள் பதிலை நம்பித்தான் பிள்ளையை ஏற்றப்போகிறேன்.