சர்வருக்குப் போட்ட இரண்டாவது முகவரி

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் நான்தான், சர்வர் படுத்தாலும் நான்தான். அங்கே மேனேஜராக இருந்தவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

புது சாஃப்ட்வேர் போட வந்த சென்னைக் கம்பெனி ஆட்கள், எங்கள் லினக்ஸ் சர்வரின் ஐபி முகவரியை, அதாவது மற்ற மிஷின்கள் அதைத் தேடி வரும் எண்ணை, மாற்றிவிட்டுப் போனார்கள். ரிசல்ட்டை அந்த சர்வருக்கு அனுப்பும் லேபின் ரத்தப் பரிசோதனை மிஷினுக்கோ பழைய முகவரி மட்டும்தான் தெரியும். அதை மாற்ற மிஷின் விற்றவர்கள் ஆள் அனுப்ப வேண்டும். அவர்கள் அனுப்புகிற வழியாக இல்லை. அதனால் சர்வரின் அதே நெட்வொர்க் கார்டில் பழைய முகவரியை இரண்டாவதாகச் சேர்த்தேன். ஒரு கார்டுக்கு எத்தனை முகவரி வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஒரே ஒரு கமாண்ட். ரிசல்ட்டெல்லாம் பழையபடி வார்டு டாக்டரின் திரைக்கு வந்தன.

ஆனால் கமாண்டில் போட்டது சர்வர் ஓடும்வரைதான் நிற்கும். அணைந்து எழுந்தால் போய்விடும். நிலைக்க வேண்டுமென்றால் செட்டிங் ஃபைலில் எழுத வேண்டும். அதற்கு அனுமதி கேட்டேன்.

“இன்னாமா, ஒரு கார்டுக்கு ரெண்டு அட்ரஸா? ஒருத்தனுக்கு ரெண்டு குடித்தனம் மாரி இருக்குது,” என்று ரிசப்ஷனே சிரிக்கும்படி சொன்னார் மேனேஜர். “கம்பெனிக்காரன் எழுதின ஃபைல்ல கை வெக்காத. நாளைக்கு எது ஆனாலும் உன் தலையிலதான் விடியும்.”

நான்கு முறை கேட்டேன். நான்கு முறையும் அதே சிரிப்பு. மாதாமாதம் கரண்டை நிறுத்தும் நாளில் பழைய யுபிஎஸ் உயிரை விடும், சர்வர் அணைந்து எழும், நான் ஓடிப்போய் அந்த வரியைத் தட்டுவேன். படித்த படிப்புக்கு இது ஒரு வேலையா என்று பல்லைக் கடித்துக்கொண்டு தட்டுவேன்.

ஒரு அமாவாசைக்கு லீவு போட்டு மேல்மலையனூர் போனேன். அன்றைக்கென்று கரண்ட் சொல்லாமல் போய் வந்திருக்கிறது. கோயில் கூட்டத்தில் என் போனுக்கு சிக்னல் இல்லை. ஆஸ்பத்திரியில் அவலூர்பேட்டைக்காரர் ஒருவர் வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்தார். லேபில் இருந்த பெண் அவர் ரத்தத்தைச் சோதித்து ரிசல்ட்டை அனுப்பினாள். மிஷினில் பச்சை விளக்கு எரிந்தது. அனுப்பினால் அது எரியும். போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காது. சர்வரிலோ பழைய முகவரி இல்லை. டாக்டர் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் போனது. கடைசியில் ஒரு நர்ஸ் லேபுக்கே நடந்து போய்க் கேட்டாள். பொட்டாசியம் தாறுமாறாக இருந்தது. ஆம்புலன்சில் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

சொந்தக்காரர்கள் போட்ட சத்தத்துக்கு ஆஸ்பத்திரி யாரையாவது காட்டியாக வேண்டும். மறுநாள் மேனேஜர் அறையில் நானும் லேப் பெண்ணும் நின்றோம். அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

“நீ லீவு. உன்மேல தப்பு இல்ல,” என்று முதலில் என்னிடம் சொன்னார். பிறகு அவளிடம் திரும்பினார். “ரிசல்ட் அனுப்ப மறந்துட்டேன்னு எழுதிக் குடு.”

“அனுப்பினேன் சார். பச்சை லைட் வந்துச்சு.”

“அனுப்பியிருந்தா டாக்டருக்கு ஏன் வரல?”

அவள் என்னைப் பார்த்தாள். ஏன் வரவில்லை என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும், அவருக்கும் எனக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. என் வேலை தப்பித்தது என்ற நினைப்பு மட்டும்தான் எனக்கு இருந்தது. அவள் எழுதிக் கொடுத்தாள். அன்று சாயங்காலமே அவளை நிறுத்திவிட்டார்கள்.

பத்து நாள் கழித்துச் சென்னை ஆள் வந்தான். “இத ஃபைல்லயே எழுதிடலாமே மேடம், ஏன் கையால போடுறீங்க?” என்று கேட்டு, இரண்டு நிமிடத்தில் எழுதி முடித்தான். மேனேஜர் அவனுக்கு டீ வரவழைத்தார். “அவ்ளோதானா வேல?” என்றார், என் முன்னாலேயே. அந்த டீயை எடுத்து அவர் மேலேயே ஊற்றியிருக்க வேண்டும். ஊற்றவில்லை.

அன்றைக்கே லேப் பெண்ணுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். முகவரி, கமாண்ட், நான் கேட்டது, அவர் சிரித்தது.

“அப்போ நான் அனுப்பித்தான் இருக்கேனாக்கா?” என்றாள். “சார் கேட்ட கேள்வில, நானே அனுப்பலியோன்னு நெனச்சிட்டேன். வீட்லயும் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன்.”