வாத்தியார் மார்க் போட்ட கடைசிப் பேச்சு

மலாக்காவில் பெம்பானுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு புல்வெட்டப் போனவன் நான். அந்தக் கையால் என்னென்ன கட்டினேன் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். ஓட்டை லோரி ஒன்றை வாங்கி மணல் ஏற்றினேன். அது ஆறு லோரி ஆயிற்று. ஜாசினில் சதுப்பு என்று எல்லோரும் ஒதுக்கிய நிலத்தில் மண்ணடித்து நான்கு கடைவீடுகள் எழுப்பினேன். நிற்காது என்று சொன்ன என்ஜினியர் செத்துப்போனார், கட்டடம் நிற்கிறது. அதன் மேல்மாடியில் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கல்லூரி திறந்தேன். படிக்காதவனுக்கு எதற்குக் கல்லூரி என்று மூன்று முறை பெர்மிட்டைத் திருப்பி அனுப்பினார்கள். நான்காம் முறை அந்த அதிகாரியின் மேசைக்கு முன்னால் காலையிலிருந்து சாயங்காலம்வரை நின்றேன். கொடுத்தார். மேசை நாற்காலிகூட வெளியில் வாங்கியதில்லை. ரப்பர் மரத்தை அறுத்து என் கொட்டகையிலேயே செய்தது.

செர்காமிலிருந்தும் சுங்கை ரம்பாயிலிருந்தும் நம் பிள்ளைகள் பஸ் ஏறி வந்தார்கள். ஆங்கிலத்துக்கு இரண்டு பேரை வைத்திருந்தேன். ஒருவர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர், தனிக்கட்டை, ஜாசினிலேயே குடியிருந்தார். மற்றவர் மலாக்கா பட்டணத்துக் கிறிஸ்தவக் குடும்பத்து இளைஞர். எல்லோரும் அவரைச் சார் என்றார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

ரிங்கிட் மதிப்பு விழுந்த வருடம் பிள்ளைகளில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். ஆங்கிலத்துக்கு இருந்த இரண்டு பேரில் ஒருவரை அனுப்பியாக வேண்டும். சாரைத்தான் அனுப்பப் போகிறேன் என்று யாரோ கிளப்பிவிட, அவர் வகுப்புப் பிள்ளைகள் பதினெட்டுப் பேரும் என் ஆபீஸ் படிக்கட்டில் வந்து நின்றார்கள்.

"அங்கிள், சார நிறுத்தாதீங்க லா," என்றான் முன்னால் நின்ற பெம்பான்காரன்.

"ஏன்?"

"நல்ல சாரு, அங்கிள்."

"எங்க வீட்டு நாயிகூட நல்ல நாயிதான். இங்கிலீஷ் சொல்லிக் குடுக்க அத வைக்கவா?"

ஒருவனை ஒருவன் முழங்கையால் இடித்து முன்னால் தள்ளினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

"மூணு மாசமா சாரு உங்களுக்கு என்னா சொல்லிக் குடுக்கறாரு? ஆளு மனச மாத்தற பேச்சு. அடுத்த வாரம் அதுக்குத்தானே பரீட்சை? எம் மனச மாத்துங்க. இங்கிலீஷ்ல. மாத்திட்டா அவரு இருப்பாரு. இல்லன்னா அவரு போவாரு, டீச்சர் இருப்பாங்க."

சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள்.

மத்தியானம் சார் வந்தார். "ஐயா, வெளயாடறீங்களா?"

"நான் வெளயாடி நீங்க பாத்திருக்கீங்களா சார்?"

அவர் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். பிரசவத்துக்கு லீவு கேட்டு எழுதிக் கொடுத்திருந்ததால் எனக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. கெஞ்சுவார் என்று நினைத்தேன். கெஞ்சியிருந்தால் என்ன செய்திருப்பேனோ. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்படீன்னா ரெண்டு பக்கமும் பேசணும்ங்கய்யா. எல்லாரும் ஒரே பக்கம் பேசினா அது பரீட்சை இல்ல, மனு. அதுக்கு நான் மார்க் போட முடியாது," என்றார்.

"உங்கள அனுப்பச் சொல்லி ஒருத்தர் பேசணும்கறீங்க?"

"ஆமா. அதான் மொறை."

படித்தவர்களுக்கு முறை மேல் உள்ள பைத்தியம் எனக்கு என்றைக்கும் புரிந்ததில்லை. சரி என்றேன்.

எதிர்த்துப் பேச ஒருவரும் முன்வரவில்லை. பிஸ்கட் டின்னில் பதினெட்டுச் சீட்டுப் போட்டு, ஒன்றில் மட்டும் பெருக்கல் குறி போட்டுச் சார் குலுக்கினார். அது செர்காமிலிருந்து வரும் பெண்ணுக்கு விழுந்தது. அவள் அப்பா மீன் லோரி ஓட்டுபவர். வகுப்பில் வாயைத் திறக்காதவள்.

"நான் மாட்டேன் சார். என்னால முடியாது சார்," என்று அழுதாளாம்.

"பேசலேன்னா மார்க் இல்லம்மா. அங்கிள் கோவத்துல சொன்னது, அவரு அப்படியெல்லாம் செய்ய மாட்டாரு. எழுதிட்டு வா, நான் திருத்தித் தரேன்," என்று சார் தேற்றியிருக்கிறார்.

பரீட்சையன்று முன்வரிசையில் நாற்காலி போட்டு நான் ஒருவனாக உட்கார்ந்தேன். சட்டைப் பையில் இரண்டு கடிதங்கள்: சார் தொடரலாம் என்று ஒன்று, மாதக் கடைசியோடு நிற்கலாம் என்று ஒன்று. முதல் நாளே ஆபீஸ் கிராணியைக் கொண்டு டைப் அடிக்கச் செய்து இரண்டிலும் கையெழுத்துப் போட்டிருந்தேன். முன்கூட்டியே முடிவு செய்துவிட்டேன் என்று பிற்பாடு பேசியவர்களுக்காக இதை எழுதுகிறேன். சார் கடைசி வரிசையில் மார்க் தாளோடு உட்கார்ந்தார்.

என் ஆங்கிலம் லோரி ஆங்கிலம். சீனத் தவுக்கே முதலாளிகளிடமும் பேங்க் மேனேஜர்களிடமும் பேரம் பேசிக் கற்றது. ஆனால் கெஞ்சுகிறவன் குரல் எந்த மொழியிலும் எனக்குத் தெரியும். விடிகாலையில் பேர் கூப்பிடும் பெரட்டில், வேலை பிரிக்கும் தண்டலுக்கு முன்னால் காய்ச்சல் என்றும் வயிற்றுவலி என்றும் ஆள்கள் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

பதினேழு பேரும் பெரட்டில் நிற்பது போலத்தான் நின்றார்கள். பெம்பான்காரன், சார் நல்லவர் என்று நான்கு தடவை சொல்லிவிட்டு மறந்துபோய் மேலே பார்த்தான்.

"ஃபேன் என்னா சொல்லுது?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான், பேச்சை முடிக்கப் பிறகு எழவேயில்லை.

இன்னொருத்தி பாதியில் அழுதாள். "மூஞ்சியத் தொடச்சிட்டுப் பேசும்மா, கண்ணீருக்கு மார்க் கெடையாது," என்றேன். சார் எங்களுக்குத் தெய்வம் மாதிரி என்றான் ஒருவன். "தெய்வத்துக்கு நான் எதுக்குச் சம்பளம் குடுக்கணும்?" என்றேன். சார் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

கடைசியாகச் செர்காம் பெண் வந்தாள். கையில் வைத்திருந்த தாளைக் குப்புறக் கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

யார் நல்ல ஆசிரியர் என்று நீங்கள் கேட்கிறீர்கள், அது தவறான கேள்வி என்று ஆரம்பித்தாள். சார்தான் நல்லவர், அதில் பேச்சே இல்லை. சாருக்கு இளம் வயது, பட்டம் இருக்கிறது, பட்டணத்தில் வீடு இருக்கிறது. இங்கிருந்து இறங்கினால் அடுத்த மாதம் இன்னொரு படி ஏறுவார். டீச்சருக்கு வயதாகிவிட்டது. அவரை நீங்கள் அனுப்பினால் வேறு யாரும் எடுக்க மாட்டார்கள். நீங்கள் விழுந்து எழுந்தவர் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறீர்கள். எழக்கூடியவரை அனுப்புங்கள், எழ முடியாதவரை வைத்துக்கொள்ளுங்கள். பதினேழு பேர் சாருக்காக அழுதார்களே, டீச்சருக்காக இந்த அறையில் யார் அழுதது? இவ்வளவுதான். குரல் ஒரு தடவைகூட உடையவில்லை.

நான் மேசையில் கிடந்த தாளைத் திருப்பிப் பார்த்தேன். பக்கம் முழுக்கச் சிவப்பு மை. அவள் எழுதியிருந்த மன்னிப்பு வரிகளையெல்லாம் சார் அடித்திருந்தார். ஓரத்தில் எனக்குப் படிக்க வராத கூட்டெழுத்தில் ஓர் ஆங்கிலக் குறிப்பு. அதைப் பெம்பான்காரனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன்: "கேட்பவர் எதில் பெருமைப்படுகிறாரோ, அங்கே தொடு."

நான் எழுந்து இரண்டாவது கடிதத்தை எடுத்து நீட்டினேன். "எம் மனசு மாறிடுச்சு சார்."

அந்தப் பெண் ஓடிவந்து குறுக்கே நின்றாள். "அங்கிள், அது பரீட்சை லா! சீட்டுல விழுந்துச்சு, அதான் பேசினேன்!"

"நெசமில்லாத பேச்ச நான் எதுக்கு ஒக்காந்து கேக்கணும்?"

"வேணாம் அங்கிள். சாரு இல்லன்னா நான் படிக்கவே வரமாட்டேன். வேணாம் அங்கிள், ப்ளீஸ், வேணாம்..."

"பாத்தியா? மொத சொன்னது பேச்சு. இது ஒண்ணுமில்ல. சாருக்கு வூட்டுல ஏழாம் மாசம், தெரியுமா ஒனக்கு? அதச் சொல்லியிருந்தா அந்தப் பக்கம் ஜெயிச்சிருக்கும். பதினேழு பேருல ஒருத்தன்கூட விசாரிக்கல."

அவள் திரும்பிச் சாரைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை.

"ஐயா, ரெண்டு நிமிஷம் குடுங்க. கூட்டிப் போட்டுடறேன்," என்றார் சார். நின்றபடியே மார்க்குகளைக் கூட்டினார். அந்தப் பெண்ணுக்கு ஐம்பதுக்கு நாற்பத்தேழு. அடுத்தபடியாக வந்தவனுக்கு முப்பத்தொன்று. மார்க் தாளை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் கடிதத்தை வாங்கினார். "மார்க்க மட்டும் மாத்திடாதீங்கய்யா," என்றார். மாற்றவில்லை.

சார் மாதக் கடைசியில் போனார். அந்தப் பெண் சொன்ன மாதிரி அடுத்த மாதமே இன்னொரு படியெல்லாம் ஏறவில்லை. வேலை கிடைக்காத காலம் அது. குழந்தை பிறந்தபோது அவர் பசாரில் மாமனாரின் காய்கறிக் கடையில் நின்றதாகக் கேள்வி. பட்டணத்தில் டியூஷன் ஆரம்பித்தது அதற்கு வெகுநாள் கழித்து. டீச்சரும் நிலைக்கவில்லை. விஷயம் காதுக்கு எட்டியதும், "பாவம் பாத்துப் போட்ட நாற்காலி எனக்கு வேணாம்," என்று வகுப்பறைச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் ஒரு வாரத்தில் புது ஆளைப் பிடித்தேன். கல்லூரி ஒரு நாள்கூட மூடவில்லை.

அந்தப் பெண் மீதிப் படிப்பு முழுக்க வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை என்றார்கள். இப்போது கோர்ட்டில் பேசுகிறாள். வழியில் பார்த்தால் என்னைத் தெரியாத மாதிரி போவாள். போகட்டும்.

போன மாதம் பழைய மாணவர்கள் கல்லூரிக்கு ஒரு நினைவு மலர் போடுவதாக அச்சுக்குப் போகும் தாளைக் கொண்டுவந்து காட்டினார்கள். அதில் அந்தப் பெண் சாரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். பேசக் கற்றுக் கொடுத்தவர் அவராம். கடைசியில், "நிர்வாகம் அவரை வேலையிலிருந்து நீக்கியது" என்று ஒரே ஒரு வரி.

நிர்வாகம் என்று அந்தக் கட்டடத்தில் ஒருவரும் இருந்ததில்லை. நான்தான் இருந்தேன். கேள்வியை வைத்தவன் நான், முன்வரிசையில் உட்கார்ந்து பதினெட்டுப் பேச்சையும் கேட்டவன் நான், கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். அவள் வாழ்க்கையில் ஒரு பேச்சால் ஒரு மனிதனின் மனம் முதன்முதலாக மாறியது என்றால், அது என் மனம். கொடுமைக்காரன் என்று எழுதுவதானாலும் எழுதட்டும். அந்த வரியை அடித்துவிட்டு என்னைப் போட வேண்டும். போடாமல் அந்த மலர் என் கட்டடத்துப் படியேறக் கூடாது.