சபைக்கு முகம் காட்டிய கிரகம்

“உருண்டையோட சிவப்புப் பக்கம் விளக்கைப் பார்க்காம ஜனங்களை ஏன் பார்க்குதுன்னு அந்தம்மா கேக்குறாங்க,” என்றேன்.

“பின்ன, பார்க்க வந்தவங்களுக்கு முதுகையா காட்டுறது?” என்றார் பெரியப்பா.

மொழிபெயர்த்தேன். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த அந்த விஞ்ஞானி சிரிக்கவில்லை. உருண்டை குறிக்கும் கிரகத்தின் ஒரு பக்கம் எப்போதும் நட்சத்திரத்தைப் பார்த்தே வேகும், மறுபக்கத்துக்கு விடிவே கிடையாது என்றார். அதையும் சொன்னேன்.

“இவங்க போய்ப் பார்த்துட்டு வந்தாங்களாமா?”

நன்றி சொல்கிறார் என்று மொழிபெயர்த்தேன்.

பெரியப்பா எங்கள் கோளரங்கத்தின் வர்ணனையாளர். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு நான் மொழிபெயர்ப்பாளர். அவருடைய மேசையில் விளக்குதான் நட்சத்திரம். கம்பியில் செருகிய உருண்டைதான் நட்சத்திரத்தை ஒட்டிச் சுற்றும் ராட்சதக் கிரகம்; கம்பியைப் பிடித்து அவரே கையால் சுற்றிக் காட்டுவார். அதற்கு மூன்றே நாளில் ஒரு வருடம் முடிந்துவிடும். “அங்க பொறந்திருந்தா என் மாமியாருக்கு இப்ப ஒன்பதாயிரம் வயசு. அப்பவும் என்னைத் திட்டத் தெம்பிருக்கும்,” என்பார். கூட்டம் சிரிக்கும். அந்தச் சிரிப்பை அவர் வானியல் என்று எடுத்துக்கொண்டார்.

முன்பு அவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். வராத பேருந்தையும் வந்ததாகக் கம்பீரமாகச் சொல்வார். மூட்டையோடு ஓடி ஏமாந்தவர்கள்கூட அவர் குரலைக் குறை சொன்னதில்லை. வீட்டில் அவர் நாற்காலி வாசலைப் பார்த்துக் கிடக்கும். வருகிறவர்கள் முதலில் அவரைப் பார்க்க வேண்டுமாம். பெரியம்மா அவர் முதுகோடுதான் குடித்தனம் நடத்தினாள்.

விஞ்ஞானி போனபின் கோளரங்க மேலாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: அந்தம்மா மறுபடி வருவார், அன்றும் உருண்டை தப்பாகச் சுற்றினால் இனிப் பெரியப்பாவுக்குப் பதில் பதிவு செய்த குரல்தான்.

பெரியப்பா சாப்பாட்டு மேசையில் விளக்கை வைத்து, முள்கரண்டியில் ஆரஞ்சுப் பழத்தைக் குத்தி ஒத்திகை பார்த்தார். பழத்தின் ஒரு பக்கம் பொட்டளவு சிவப்பு மை. விளக்கைப் பார்க்க வேண்டிய அந்த மை, எதிரே உட்கார்ந்திருந்த பெரியம்மாவைப் பார்த்து மரியாதையாகத் திரும்பியது.

“பரவாயில்லையே, இந்த வீட்டுல ஒண்ணாவது என் பக்கம் திரும்புதே,” என்றாள் அவள்.

மறுபடி சுற்றினார். மறுபடியும் திரும்பியது. கிரகத்துக்கு ஒழுக்கம் போதாது என்று அவர் பழத்தைக் கடிந்துகொண்டார்.

விஞ்ஞானி வருவதற்கு முந்தின நாள், என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

“நாளைக்கு நீ மேசைக்கு அடியில உக்காந்து கம்பியப் பிடிச்சு உருண்டையத் திருப்பும்மா. நான் மேல நின்னு பேசிக்கிறேன். கைகிட்ட எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன், கூட்டத்தைக் கண்டா கேக்க மாட்டேங்குது.”