இரண்டுமே வலம் சுற்றும் இறக்கை

நாளை காலை ஏலகிரியில் ஒரு கல்யாணம். முதல்முறையாக ட்ரோனை நான்தான் பறக்கவிடப் போகிறேன்.

பேட்டரி, மெமரி கார்டு, தரையில் விரிக்கும் பாய் எல்லாம் பையில் வைத்தாயிற்று. மாற்று இறக்கை மட்டும் இல்லை. வாங்க தி.நகர் போனேன்.

ட்ரோனில் பாதி இறக்கை வலமாகவும் பாதி இடமாகவும் சுற்ற வேண்டும். கடைக்காரர் எடுத்து வைத்த இரண்டுமே வலமாகச் சுற்றுபவை.

"ஒண்ணு இடது பக்கம் சுத்தணும் அண்ணா" என்றேன், மெதுவாக.

"அதெல்லாம் உனுக்கு இன்னாம்மா தெரியும்? அனுப்பிச்ச ஆளுக்குப் போன் போட்டுக் குடு, நான் பேசிக்கிறேன்."

ஓட்டுவதே நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. பின்னால் நாலு பேர் நின்றார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நாளை உடைந்தாலும் வலம் சுற்றும் இறக்கைதான் உடைய வேண்டும்.

ஆதம்பாக்கம் பக்கம் யாரிடமாவது இடமாகச் சுற்றும் இறக்கை இருந்தால் சொல்லுங்கள். இன்றே வந்து வாங்கிக்கொள்கிறேன். என்னைப் பேச மட்டும் வைக்காதீர்கள்.