ஆபரேஷன் பிள்ளைக்கு ரெண்டாம் கிளாஸ் உண்டா?

இன்று சாவிக்கடை அக்காவைச் சந்தித்தேன். ரூமுக்கு இன்னொரு சாவி வெட்டப் போன இடத்தில் ஒரு குடும்ப வழக்கே நடந்துகொண்டிருந்தது.

பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், ஒரு ஆள் திரும்பினால் முழங்கை இடிக்கிற கடை. மெஷினில் அக்கா. ஸ்டூலில் அவருடைய ஆறு வயது மகள். வாசலில் அக்காவின் கணவர், பக்கத்தில் அவரைப் பெறாமல் வளர்த்த மூத்த சகோதரி, அதாவது அக்காவின் நாத்தனார். ஒன்றாம் வகுப்பு முடித்த மகளை இன்னொரு வருடம் அங்கேயே உட்கார வைக்கச் சொல்லி நாளை பள்ளியில் கேட்பதா, வேண்டாமா? அதுதான் வழக்கு. அவள் செய்த குற்றம், சிசேரியனில் பிறந்தது.

“படியேறி வர்றவனும் லிஃப்ட்ல வர்றவனும் ஒண்ணா? கஷ்டப்பட்டு வெளிய வந்தாத்தான் மூளை முழிக்கும்,” என்றார் நாத்தனார்.

“மேல வந்தப்புறம் ரெண்டு பேரும் ஒரே மாடியிலதான அண்ணி நிக்கிறாங்க?” என்றார் அக்கா.

நாத்தனாரின் மகன் சுகப்பிரசவம். ஒன்பதாம் வகுப்பை இரண்டாவது தடவையாக ரசித்துப் படிக்கிறான். அவன் ஃபெயிலானால் வாத்தியார் சரியில்லை. இவள் பென்சிலைத் தொலைத்தால்கூட ஆபரேஷன்தான் காரணம். கணவரோ தங்கமான மனிதர். தன் அக்காள் பேசினால் “அதுவும் சரிதான்”, மனைவி பேசினால் “இதுவும் சரிதான்”.

என் சாவியை மாட்டி மெஷினை ஓடவிட்டார் அக்கா. நாத்தனார் பரீட்சையைத் தொடங்கினார்.

“ஏய் குட்டி, ஏழும் எட்டும் எவ்வளவு? வாரத்துக்கு எத்தனை நாளு? சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும்?”

குழந்தை உதட்டை இறுக்கிக்கொண்டு மெஷினையே பார்த்தாள்.

“பாத்தியாடா தம்பி? எப்ப கேட்டாலும் இப்படித்தான் பேந்தப் பேந்த முழிக்குது.”

தம்பி “அதுவும்...” என்று ஆரம்பிக்க, மெஷின் நின்றது.

“பதினாலு. ஏழு நாளு. கிழக்கு,” என்றாள் குழந்தை.

“இவ்ளோ நேரம் ஏம்மா பேசல?” என்றார் அப்பா.

“மெஷின் ஓடுறப்ப பேசினா அம்மா கையில வெட்டிரும்பா. மூச்சே விடக்கூடாது.”

அது அந்தக் கடையின் சட்டம். அத்தை வருவதெல்லாம் கடைக்கு, அதுவும் கூட்ட நேரத்தில். இத்தனை மாதமாக மூளை வளர்ச்சியை அளந்த லட்சணம் இதுதான்.

நாத்தனார் விடவில்லை. “பதினாலுன்னாளே? பதினஞ்சுல்ல?”

அக்கா உலோகத் தூளை ஊதிவிட்டு நிமிர்ந்தார். “தப்புதான் அண்ணி. விரல் விட்டு எண்ணுனா நாளைக்குச் சரியா சொல்லுவா. அதுக்கு எதுக்கு என் வயித்துத் தையலப் பிரிக்கிறீங்க? கொடி கழுத்தச் சுத்தி, உள்ள துடிப்பு கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. அன்னைக்கு வெட்டி எடுக்கலன்னா, கேள்வி கேக்க உங்களுக்குப் பிள்ளையே இல்ல.”

கணவர் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். “ரெண்டாம் கிளாஸுக்கே போகட்டும்க்கா. நான் ஸ்கூல்ல ஒண்ணும் கேக்கப் போறதில்ல.”

நாத்தனார் அசரவில்லை. “நானும் அதத்தான சொல்றேன். ஆபரேஷன் பிள்ளைங்க அலுங்காம குலுங்காம வருதுங்க. மூளை அப்படியே புதுசா இருக்கும்.”

பிள்ளை பிறந்த வழியைப் பார்த்து மார்க் போடும் சொந்தக்காரர் உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் இருப்பார். தயங்காமல் இதை அங்கே போட்டுவிடுங்கள்.