இரண்டு இன்ச் போதும்

என் ஜீப்பின் முன் இருக்கை தலைசுற்றல் உள்ளவர்களுக்கு. மலைச்சாலையில் ஆள் ஏற்றும் வண்டிகளில் இதுதான் வழக்கம். வளைவுகளில் யாருக்கு வயிற்றைப் பிரட்டுமோ அவர் டிரைவர் பக்கத்தில் உட்காருவார். மற்றவர்கள் பின்னால் தார்ப்பாய்க்குள், இரண்டு பெஞ்சுகளில் முட்டி இடிக்க உட்காருவார்கள். இதற்காக யாரும் சண்டை போடுவதில்லை. பின்னால் ஒருவர் வாந்தி எடுத்தால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

நான் ஏற்றுவது ஏழு பேரை. எல்லாரும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் இருக்கும் பெண்கள். கொழுந்து வெட்ட இப்போது மெஷினும் வெளிநாட்டு ஆட்களும் வந்துவிட்டதால், இவர்கள் திரிங்காப்பில் ஒரு பூத்தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். காலையில் கொண்டுபோய் விடுவதும் மாலையில் கூட்டி வருவதும் என் வேலை. ஆறு வருஷமாக முன் இருக்கையில் ஒரே ஆள்தான்.

அவருக்கு நாற்பத்தாறு வயது. கணவர் இறந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரே மகள், கல்யாணமாகி மலைக்குக் கீழே கிள்ளானில் இருக்கிறாள். தினமும் கையில் மடித்த ஒரு பிளாஸ்டிக் பையும், காகிதத்தில் சுற்றிய ஆசாம் என்ற புளிப்புப் பழ மிட்டாயும் வைத்துக்கொண்டு ஏறுவார். ஏறும்போது ஒரு தடவை தலையை ஆட்டுவார். நானும் ஆட்டுவேன். இறங்கும்போதும் அப்படியே. ஆறு வருஷத்தில் எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

பேசாததற்கு வண்டியும் ஒரு காரணம். பழைய டீசல் ஜீப். எங்கள் ஊர் மழைக்கும் பனிக்கும் அடியில் இருக்கும் இரும்பு எதுவும் தாங்காது. புகை போகும் எக்சோஸ் குழாயில் முதலில் ஒரு ஓட்டை, பிறகு சைலன்சரில் இரண்டு. உள்ளே உட்கார்ந்தால் கத்தினால்கூடக் கேட்காது. எனக்கு அது வசதியாக இருந்தது. ஆட்கள் முன்னால் எனக்கு வாய் வராது. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியபோது எல்லாரும் வருத்தப்பட்டார்கள். எனக்கோ, இனி வாத்தியார் எழுந்து நின்று வாசிக்கச் சொல்ல மாட்டார் என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி. பெண் பார்க்க ஒரே ஒரு வீட்டுக்குப் போனேன். போன நேரம் முழுவதும் சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் இன்று எதிரே வந்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது. அப்புறம் அம்மாவைப் பார்த்துக்கொள்வதில் வருஷங்கள் போயின. அம்மாவும் போன பிறகு, அந்தச் சத்தத்துக்குள் ஒருவர் பக்கத்தில் காலையில் அரை மணி நேரமும் மாலையில் அரை மணி நேரமும் உட்கார்ந்து போவது எனக்குப் போதுமாக இருந்தது. போதும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழு பேரில் மூத்தவர், எப்போதும் சிவப்புக் கம்பளித் தொப்பி போட்டிருக்கும் ஒரு அக்கா. ஒருநாள் நான் வண்டி கழுவிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

“அண்ணே, சேதி தெரியுமா? மாசக் கடைசில முன் சீட்டு காலி.”

“ஏன்?”

“மக முழுகாம இருக்குல்ல, மாசம் நெருங்கிடுச்சு. கிள்ளானுக்கே வந்துடும்மான்னு கூப்பிடுது. போனா அங்கயேதான்.”

“சரி” என்றேன்.

“என்ன சரி?”

நான் துணியைப் பிழிந்தேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். “உங்க வண்டிக்காவது சத்தம் போட ஓட்டை எக்சோஸ் இருக்கு. உங்களுக்கு அதுவும் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை, திரும்பி வரும் வழியில் சைலன்சர் கழன்று விழுந்தது. ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு, தாரில் உரசி, கரகரவென்று இழுபட்டு வந்தது. ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தினேன். எல்லாரும் இறங்கினார்கள். தொப்பி அக்கா பூங்கொத்து கட்டும் பிளாஸ்டிக் கயிற்றை எடுத்துக் கொடுத்தார். நானும் அவசரத்தில் யோசிக்காமல் கட்டினேன். கொதிக்கிற குழாயில் அது மெழுகு மாதிரி உருகி ஒட்டிக்கொண்டது. “பூவுக்குத்தான் கட்டத் தெரியும், என்னைக் கேட்டா?” என்றார் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள்.

அப்போது முன் இருக்கைக்காரர் வந்து என் பக்கத்தில் குந்தினார். கையில் பூச்செடிக்கு வலை கட்டும் கம்பி ஒரு சுருள் இருந்தது. ஈரச் சாக்கால் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். நான் கம்பியைச் சுற்றினேன்.

“பாத்து. கை சுட்டுக்கப் போவுது” என்றார்.

மெதுவான குரல். லைனில் மற்றவர்களோடு அவர் பேசி தூரத்திலிருந்து கேட்டிருக்கிறேன். எனக்கென்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கம்பியை நாலு சுற்றுச் சுற்றியது போதும். நான் எட்டுச் சுற்றுச் சுற்றினேன்.

வண்டியைக் கிளப்பினதும் பழைய சத்தத்தைப்போல இரண்டு மடங்கு சத்தம். கொஞ்ச தூரம் போனதும் அவர் என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். உதடு அசைந்தது தெரிந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘என்ன?’ என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தலையை ஆட்டினேன். அவரும் முன்னால் திரும்பிக்கொண்டார்.

அன்று அவர்களை இறக்கிவிட்டு நேரே கம்போங் ராஜாவுக்குப் போனேன். அங்கே ஒரு சீன முதலாளி பட்டறை வைத்திருக்கிறார், தவுக்கே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். நாங்கள் மலாயில் பேசிக்கொள்வோம். அவர் வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். குழாயின் வால் பக்கத்தை நான் காட்டினேன். அவர் அங்கே அளக்கவில்லை.

“துரு ஏறின இடம் உப்பியிருக்கும். அங்க அளந்தா தப்பா காட்டும்” என்று சொல்லி, இன்ஜினுக்குப் பக்கத்தில், இரும்பு இன்னும் நன்றாக இருந்த இடத்தில் அளவுக் கருவியை வைத்தார். “ரெண்டு இன்ச்.”

உள்ளே போய் ஒரு பளபளப்பான குழாயோடு வந்தார். “ரெண்டரை இருக்கு. இப்பவே போட்டுடலாம். பசங்க எல்லாம் இதத்தான் கேக்கறாங்க. பவர் லா.”

ஒன்று சொல்ல வேண்டும். கடைக்காரர் எதை எடுத்து வைத்தாலும் நான் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். என் ரப்பர் பூட்ஸ் ஒரு அளவு பெரிது. கடைப்பையன் அதை எடுத்து வைத்தான், நான் சரி என்றேன், நாலு வருஷமாக உள்ளே துணி அடைத்துப் போட்டுக்கொள்கிறேன். அதனால் தவுக்கே குழாயை எடுத்து வைத்ததும் என் வாய் ‘சரி’ என்று சொல்லத் தயாராகிவிட்டது.

“மேடு ஏறுமா?” என்று மட்டும் கேட்டேன்.

தவுக்கே நாணயமான ஆள். காதைச் சொறிந்தார். “காலி வண்டின்னா ஒண்ணும் தெரியாது. எட்டுப் பேரோட முதல் கியர்ல ஏறறப்ப இழுவை கொஞ்சம் குறையும். தண்ணி ஹோஸ் பிடிப்பேல்ல? வாய் சின்னதா இருந்தா தண்ணி விசையா போவும். ரொம்ப பெருசுன்னா காலடியிலயே விழும். புகையும் அப்படித்தான். குழாய்க்குள்ள விசையா ஓடணும். அதுக்காக ஒண்ணரை போட்டா இன்ஜினுக்கு மூச்சு முட்டும். உன் வண்டிக்கு ரெண்டுதான் சரி. ஆனா கையில இல்ல.”

“சத்தம்?”

“ரெண்டரைன்னா நீ வர்றது பிரிஞ்சாங் டவுன் வரைக்கும் கேக்கும்.”

“ரெண்டுன்னா?”

“நீள சைலன்சரோட போட்டா, பக்கத்துல ஆள் தும்முறது கேக்கும். ஆனா ஈப்போவிலேர்ந்து வரணும். காய்கறி லாரி திரும்பி வர்றப்ப சொல்லி விடறேன். புதன்கிழமை ஆவும்.”

மாசக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. புதன்கிழமை வரை காத்திருந்தால் ஏழு. மனசுக்குள் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்.

“ரெண்டு இன்ச் போதும். காத்திருக்கேன்” என்றேன்.

தவுக்கே என்னைப் பார்த்தார். “இத்தனை வருஷம் சத்தத்தோடதானே ஓட்டினே?”

“இப்ப வேணாம்.”

பழைய சைலன்சரையே கிளாம்பு போட்டுத் தூக்கிக் கட்டி அனுப்பினார். அந்த நாட்களில் நாங்கள் போகும் வழியெல்லாம் நாய்கள் குரைத்தன. பெண்கள் கம்பளித் தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்து விட்டுக்கொண்டார்கள். பக்கத்து இருக்கையில் அவரும் முக்காட்டைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு நாளும் ஒரு நாள் குறைந்தது.

புதன்கிழமை மதியம் குழாய் ஏறியது. வியாழக்கிழமை காலை வண்டியைக் கிளப்பியபோது பின்னாலிருந்து தொப்பி அக்கா, “அண்ணே, வண்டி ஓடுதா, செத்துருச்சா?” என்றார்.

அவ்வளவு அமைதி. என் வண்டிக்குள் இவ்வளவு ஓசை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கதவுக் கண்ணாடி ஆடியது. வைப்பர் ரப்பர் ஒவ்வொரு இழுப்புக்கும் முனகியது. அவர் ஆசாமைப் பிரித்த காகிதச் சத்தம் கேட்டது. வளையல் சத்தம் கேட்டது. பின்னால் ஒரு பெண், “அந்த மனுசன் இப்பவாவது பேசுவாரா?” என்று கேட்டதும், “இனிமே மெதுவா பேசுடி, அவருக்கு எல்லாம் கேக்குது” என்று இன்னொருவர் சொன்னதும்கூடக் கேட்டது. என் காது சூடானது. அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றும் பேசவில்லை. வெள்ளிக்கிழமையும் பேசவில்லை. சத்தம்தான் தடை என்று ஆறு வருஷம் நினைத்திருந்தேன். சத்தம் போன பிறகும் நான் அப்படியேதான் இருந்தேன்.

சனிக்கிழமை மாலை பிரிஞ்சாங்குக்கு முன்னால் மாட்டிக்கொண்டோம். வார இறுதியில் கீழேயிருந்து வரும் கார்கள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். கால் மணி நேரத்தில் நாலு கார் நீளம்கூட நகரவில்லை. பின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தொப்பி அக்கா முன்னால் வந்து சன்னலைத் தட்டினார்.

“நாங்க சந்தைக்கு நடந்தே போயிடறோம். அங்க வந்து ஏத்திக்குங்க. நீயும் வாடி.”

“நீங்க போங்கக்கா. எனக்குத்தான் தலை சுத்துமே” என்றார் அவர்.

“நடந்தா சுத்தாதுடி.”

அவர் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். அக்கா என்னைப் பார்த்தார். “வண்டி வாய மூடிடுச்சு அண்ணே. நீங்க தொறக்கறதுக்கு என்ன?” என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு நடந்தார்.

தூறல் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது. அவர்தான் தொடங்கினார்.

“புது பைப்பா?”

“ஆமா. ரெண்டு இன்ச்.”

“ஓ.”

வைப்பரை ஒரு தடவை போட்டுவிட்டு, “ரெண்டரையும் இருந்துச்சு” என்றேன்.

“அத ஏன் போடல?”

நான் சொல்லத் தொடங்கினேன். துரு ஏறின இடத்தில் அளக்கக்கூடாது என்றேன். தண்ணி ஹோஸைச் சொன்னேன். ஒண்ணரை போட்டால் மூச்சு முட்டும் என்றேன். என் வாழ்க்கையில் நான் தொடர்ந்து பேசியதில் அதுதான் நீளம். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். குழாயைப் பற்றிச் சொல்ல எல்லாம் தீர்ந்துபோனது. நிறுத்த முடியாமல், “ரெண்டரைன்னா சத்தம். நீங்க சொல்றது கேக்காது” என்றேன்.

“நான் என்ன சொன்னேன்?”

“அன்னிக்கு. கம்பி கட்டினப்புறம். வாய் அசைஞ்சுது. கேக்கல.”

அவர் யோசித்தார். “மழை வருது, துணி காயப்போட்டிருக்கேன், சீக்கிரம் போங்கன்னு சொன்னேன்.”

“ஓ.”

“துணிக்காகவா பைப் மாத்தினீங்க?”

“துணின்னு எனக்குத் தெரியாதே.”

அவர் சிரித்தார். முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நான் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் சிரிப்பு முழுவதும் கேட்டது.

“கிள்ளான் போறீங்களாமே” என்றேன்.

“மக கூப்பிடுது.”

“இந்த சீட்டுல வேற யாரையும் உக்கார வைக்க மாட்டேன்.”

“வேற யாருக்காவது தலை சுத்தினா?”

“பின்னாலயே சுத்தட்டும்.”

அவர் அந்தப் பிளாஸ்டிக் பையை மடியில் வைத்து நீவினார். அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். ஒரே பைதான். மடித்து மடித்து, மடிப்பில் வெளுத்து, அதில் அச்சடித்திருந்த கடைப் பெயர்கூட அழிந்துபோயிருந்தது. ரொம்ப நாளாகவே அவர் அதை விரித்து நான் பார்த்ததில்லை. நான்தான் கவனிக்கவில்லை.

“எனக்கே சுத்தல” என்றார்.

“என்ன?”

“தலை. சுத்தறது நின்னு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆவுது.”

முன்னால் இருந்த கார் நகர்ந்திருந்தது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். நான் கியரைப் போட்டுக் கிளட்சைச் சட்டென்று விட்டதில் வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிட்டது. மறுபடியும் கிளப்பினேன். சந்தை முனைக்கு வந்தோம். அங்கே காத்து நின்ற பெண்கள் கண்ணில் பட்டதும் அவர், “புள்ள பொறந்ததும் மூணு மாசம் இருந்து பாத்துட்டு வந்துடறேன். மககிட்ட நானே சொல்லிக்கறேன்” என்று வேகமாகச் சொன்னார்.

மாசக் கடைசியில் கிள்ளானுக்குப் போனார். மறுநாள் காலை, யாரும் கேட்பதற்கு முன்னால், கழற்றிப் போட்டிருந்த பழைய சைலன்சரைத் துடைத்து முன் இருக்கையில் சாக்கு விரித்து வைத்தேன். தொப்பி அக்கா எட்டிப் பார்த்தார். “இது யாரு புதுசா? இதுக்கும் தலை சுத்துதா?” என்றார். அந்தத் துருப்பிடித்த இரும்பு நாலரை மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது. குழந்தை பிறந்து மூன்று மாதம் கழிந்த பிறகு ஒவ்வொரு வாரமும் நாளை எண்ணினேன். போனில் பேச எனக்கு வராது. அக்கா தன் போனில் அவரோடு பேசுவார், நான் பக்கத்தில் நின்று கேட்பேன். குழந்தைக்குச் சளி, இன்னும் ஒரு வாரம். மகளுக்கு லீவு முடிந்தது, குழந்தையைப் பார்க்க ஆள் கிடைக்கவில்லை, இன்னும் ஒரு வாரம்.

அப்புறம் ஒரு மத்தியானம் தானா ராத்தாவில் பஸ்ஸை விட்டு இறங்கினார். கையில் ஒரு பெட்டி மட்டும் இருந்தது. நான் ஜீப்போடு காத்திருந்தேன். கதவைத் திறந்ததும் சைலன்சரைப் பார்த்தார். இரண்டு கையாலும் அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னால் பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். தலையை ஒரு தடவை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

தேயிலைச் சரிவுக்கு ஏறும் மேட்டில், இரண்டாவது கியரில், வெளியே எட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார். எனக்கு நன்றாகக் கேட்டது.

“மழை வரும்போல இருக்கு. வீட்டுல துணி காயுதா?”

“காயுது” என்றேன்.

“அப்ப சீக்கிரம் போங்க. போய் எடுத்துடலாம்.”